தேன்மொழிக்கு, திரை இருந்த கூடத்திலிருந்து

தேனு,

நான் அனுப்பும் எதையும் நீ திறப்பதில்லை. அப்பாவின் போனிலிருந்து நான் பேசி அனுப்பிய செய்திகள் எல்லாம் கேட்கப்படாமலே கிடக்கின்றன என்று அவரே எடுத்துக் காட்டினார். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் விடுதியில் நம் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள், உன்னோடு கல்லூரிக்கு ரயிலில் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு, இது உன் அம்மா எழுதியது போல இருக்கிறதே என்று உன்னிடம் நீட்டுவாள். நம் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிவதில் எனக்கு வெட்கம் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இப்போது எனக்கு நேரமில்லை. ஏன் இல்லை என்பதையும் இதிலேயே சொல்கிறேன். நம்மைத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதானே என்று பாதியில் விட்டுவிடாதே.

நம் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு உன் அப்பாவின் கூட்டாளிகள் எல்லாம் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடினார்கள். அவர் மட்டும் இங்கேயே தங்கி, கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டப் போனார். "ஷாஃப்ட்ல எறங்க வேண்டியவன் பந்து போறதுக்குப் பள்ளம் நோண்டிக்கினு கீறான்" என்று சிரித்தார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டதும் அவரைத் தேடி அங்கே போவாய். புதரில் தொலைந்த பந்துகளைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாய். யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மட்டை ஒன்றை எடுத்து நீ அடித்ததை, விளையாட வந்த ஓர் அம்மா பார்த்தார். அவர்தான் உனக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்தார், பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார், பெங்களூருக்குக் கூட்டிப் போய்ப் போட்டியில் ஆடவும் வைத்தார். நீ ஜெயித்து வந்த முதல் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுப்பு மேடையில் வைத்துக் கரண்டிகளைப் போட்டு வைத்தோம்.

பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்ததும்தான் தொல்லை ஆரம்பித்தது. இருட்டோடு ரயில் ஏறுவாய், இருட்டோடு நம் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்குவாய். "மைதானத்துல வெளிச்சமே இல்லம்மா. ஞாயித்துக்கிழம மட்டும் அடிச்சா நான் எப்டி ஜெயிப்பேன்?" என்று கேட்டாய். கொஞ்ச நாள் கழித்து நீயே போனில் ஒரு படத்தைக் காட்டினாய். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே திரை கட்டி, அதன் மேல் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் திரை தானாகச் சுருண்டு மேலே போனது. அவருடைய அறை நம் வரிசை வீடுகள் நான்கைச் சேர்த்து வைத்தது போல இருந்தது. நமக்கோ ஒரே கூடம். அதில்தான் சாப்பிட வேண்டும், அதில்தான் படுக்க வேண்டும், வந்தவர்களை உட்கார வைக்க வேண்டும். ஓட்டுக் கூரை நடுவில் மட்டும்தான் உயரம். அங்கே நின்று மட்டையைச் சுழற்றிப் பார்த்தாய். உத்தரத்தில் இடிக்கவில்லை. அப்போது உன் முகத்தைப் பார்த்தபோதே, இந்த வீட்டில் திரை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் கயிற்றில் கம்பளியைத் தொங்கவிட்டோம். பந்து கம்பளியோடு போய்ச் சுவரில் இடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராணி வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரங்கள் கொட்டின. அவள் வாசலுக்கு ஓடி வந்து, "இன்னாக்கா, ஊட்ல வெடி வெக்கிறீங்களா? மைன் மூடி எத்தினி வருஷமாச்சு!" என்று கத்தினாள். அடுத்து தார்ப்பாய். அதை அப்பா தவில் மாதிரி இறுக்கிக் கட்டினார். நீ அடித்த பந்து அதே வேகத்தில் திரும்பி வந்து அவர் முழங்காலில் விழுந்தது. அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம், திரையை இறுக்கக்கூடாது. கொஞ்சம் தொய்வாக விட்டால்தான் பந்து துணிக்குள் புகுந்து, வேகம் இழந்து, அடியிலேயே விழும். பின்னால் சுவருக்கும் துணிக்கும் நடுவில் இடம் வேண்டும். அந்த இடத்தில் பழைய மெத்தைவிரிப்புகளைத் தளர்வாகத் தொங்கவிட்டால் சத்தமும் அடங்கும், ராணியும் அடங்குவாள்.

ராபர்ட்சன்பேட்டையில் நான் பை தைக்கும் கடையின் முதலாளிதான் நெருக்கமாக நெய்த அந்தக் கெட்டித் துணியை வரவழைத்துக் கொடுத்தார். நீ அதைக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாய். சொரசொரப்பாக இருந்தால் பந்து நூலை அறுத்துவிடும் என்றாய். நான்கு ஓரத்திலும் பையின் தோள்பட்டைக்கு வைக்கும் நாடாவை இரட்டையாக வைத்துத் தைத்தேன். அந்தக் கனத்துக்குக் கடை மெஷினில் ஊசி ஊசியாக உடைந்தது. பழைய கடை ஷட்டர் ஒன்றிலிருந்து எடுத்த குழாயையும் பேரிங்கையும், பக்கத்துப் பாலகாட் சுரங்கப் பகுதியில் வெல்டிங் வேலை செய்பவர் நம் சுவருக்கு ஏற்றபடி பிடி வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் திரை மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கும். துணி ஆடாமல் தொங்க அடியில் ஓர் இரும்புக் குழாய். அதில் பந்து பட்டால் ஆபத்து என்று, துணியை உறை மாதிரி மடித்து, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துக் குழாயை மூடித் தைத்தோம். முதல் தடவை திரை முழுசாக இறங்கி நின்றபோது, கீழ் வரிசை வீட்டுப் பிள்ளைகள் சினிமா என்று நினைத்து வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

நம் வீட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். நீ ரயிலிலிருந்து வந்து, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுத் திரையை இறக்குவாய். பந்து விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன். சத்தத்தை வைத்தே நீ நன்றாக அடிக்கிறாயா, கோபத்தில் அடிக்கிறாயா என்று எனக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை துணியைத் தேய்த்துத் துடைப்போம். பந்து அதிகம் படும் நடுப்பகுதியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று திரையை இறக்கியே விட்டுவிட்டு, நீ படுக்க இடமில்லாமல் சமையல்கட்டில் படுத்த நாட்களும் உண்டு. கட்டிலை விடத் திரையைத்தான் நாம் நன்றாக வைத்திருந்தோம்.

அந்த மாலை நடந்ததை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நான் நினைவு வைத்திருப்பதைச் சொல்கிறேன். அப்பா மைதானத்தில் இருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, உன்னைச் சாப்பிடக் கூப்பிடக் கூடத்துக்குள் வந்தேன். மட்டை ஏற்கெனவே கீழே வந்துகொண்டிருந்தது. திரையின் அடிக்குழாயை மூடிய உறைக்குள் இருந்த ஸ்பாஞ்ச் எப்போதோ ஒரு பக்கமாக நகர்ந்து ஒதுங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தாழ்வாகப் போன பந்து, ஸ்பாஞ்ச் இல்லாத அந்த இடத்தில், இரும்பில் பட்டது. இரண்டு சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் என் முகத்தில் கேட்டது என்று பிறகுதான் புரிந்தது.

கோலார் ஆஸ்பத்திரியில் என் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டோடு என்னை வெளியே கொண்டுவந்தபோது நீ வராந்தாவில் நின்றிருந்தாய். உன் கையில், மட்டை பிடிக்கப் போடும் வெள்ளைக் கையுறை அப்படியே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. நீ அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. என் கண் போனதைவிட அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. நீ ஆட வேண்டிய பெரிய போட்டி அடுத்த வாரம் இருந்தது. நீ போகவில்லை. படிப்பு முடிந்த கையோடு ஹைதராபாத்தில் வேலை என்று கிளம்பினாய். மட்டைகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு போனில் அப்பாவிடம் பேசுகிறாய், அவருடைய மாத்திரையை விசாரிக்கிறாய். போன் என் கைக்கு வந்ததும் லைன் போய்விடுகிறது. சிக்னல் இல்லை என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன்.

நீ போன பிறகும் நான் திரையை வாராவாரம் இறக்கி, துடைத்து, ஏற்றிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டால் சுருளுக்குள் எலி குடியேறும். பேரிங்குக்கு எண்ணெய் விட்டேன். ஸ்பாஞ்சை இனி நகராதபடி உறைக்குள் கட்டம் கட்டமாகத் தைத்தேன். ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல் கோப்பது எனக்கு அந்த வேலையில்தான் பழகியது. ராணி பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டாள்: "கண்ணப் புடுங்கின சனியனுக்கு இன்னும் பூச பண்றீங்களேக்கா, இன்னா நாயம் இது?" அப்பாவுக்கும் தாங்கவில்லை. "இன்னாமே, இத்த எட்த்துட்லாம். பாத்தாவே வயிறு எரியுது" என்றார்.

"எடுக்காதீங்க."

"யாருக்கோசரம் வெச்சிகினு கீற?"

"அவளுக்குத்தான்."

அவருக்கு அதற்கு மேல் நான் விளக்கிச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அதைக் கழற்றிவிட்டால், அந்த இடத்தில் ஒரு குற்றம் நடந்தது என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். குற்றம் என்றால் குற்றவாளி வேண்டும். நீ குற்றவாளியின் இடத்தில் போய் நிற்கச் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாய். நான் அதற்கு இடம் கொடுக்க மாட்டேன் என்பதற்காகத்தான் திரையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் நாங்கள் இருவரும் சொல்லாமல் ஹைதராபாத்துக்கு வந்து உன் விடுதி வாசலில் நின்றோமே. கறுப்புக் கண்ணாடியோடு என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாய். பிறகு ஓட்டலுக்குக் கூட்டிப்போனாய். என் தட்டில் எனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தாய். ஆனால் பேசியது முழுக்க அப்பாவிடம். என் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாய். ஓட்டலிலிருந்து வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது, நீ சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம் நின்றாய். எனக்குப் பார்வை இல்லாத பக்கம். என் கையை இறுக்கிப் பிடித்து, பஸ்ஸும் காரும் வரும் திசையில் உன் உடம்பைக் கொடுத்துக் கூட்டிப் போனாய். அந்த ரோடு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கக்கூடாதா என்று நான் ஏங்கினேன்.

ரயில் கிளம்பும் நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "ஒரு தடவ ஊட்டுக்கு வந்துட்டுப் போ, தேனு."

நீ அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னாய். "அந்த ஸ்க்ரீன் அங்க கீற வரைக்கும் நான் வரமாட்டேன்ப்பா. அது கீழ என்னால படுக்க முடியாது."

ஊருக்கு வந்தும் நான் அசையவில்லை. பிடிவாதம்தான். இவளாக ஒருநாள் வருவாள், அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று புரிந்துகொள்வாள் என்று காத்திருந்தேன். காத்திருக்க எனக்கு நிறைய காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு தடவை படி. என் வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. அது பந்தால் வந்ததில்லை. சர்க்கரையால் வந்தது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே என் உடம்பில் இருக்கும் சர்க்கரை. டாக்டரம்மாவிடம் நானே தனியாகக் கேட்டேன், அடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று. "ஒரு சம்பந்தமும் இல்லம்மா" என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மங்குவது நின்றாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்தால் சுவர்க் கடிகாரத்தில் முள் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். சில நாள் இருக்கிறது. சில நாள் வெறும் வட்டம்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா கெஞ்சினார். "இத்தயும் அவ தலைல போட்டுக்குவா" என்றார். போட்டுக்கொள்ளாதே, தேனு. இது உன்னுடையதில்லை. இதை நீ எடுத்துக்கொண்டால் அது திருட்டு.

ஊசி போட்டு வந்த மறுநாள் நான்தான் சொன்னேன், கழற்றிவிடலாம் என்று. நியாயம் என் பக்கம் இருந்து என்ன செய்வது? நீ என் பக்கம் இல்லையே. அப்பா ஸ்டூலில் ஏறி மரையைத் திருக, ராணி ஒரு முனையைத் தாங்க, நான் ஒரு முனையைத் தாங்கினேன். பகல் வெளிச்சத்தில் துணியை முற்றத்தில் விரித்தபோதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். எவ்வளவு தேய்த்தும் போகாத உன் பந்தின் தடங்கள். ஓரங்களில் மங்கலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. நடுவுக்கு வர வர நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் ஒரே கறுப்பாக. நீ எப்படிக் கற்றுக்கொண்டாய் என்பது முழுக்க அதில் இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் அங்கே உட்கார்ந்து அழுதேன். "அழாதீங்கக்கா, ஊசி போட்ட கண்ணு" என்று ராணி என் முகத்தைத் தன் முந்தானையால் ஒற்றினாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அப்பா உடனே உனக்குப் போன் செய்தார். எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தேனு, அத்த எட்த்துட்டோம்மா. கூடம் காலியா கீது. நீ வா."

"யாரு எடுக்கச் சொன்னது?" என்றாய்.

"நீதானம்மா சொன்ன."

"நான் சொன்னா எடுத்துடுவீங்களா?" என்று கத்தினாய். கத்தியபடியே உடைந்துபோனாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது என்று நினைக்கிறேன். அழுகைக்கு நடுவில் நீ கேட்டாய்: "துணி எங்க?"

"மடிச்சு கட்டிலுக்கு அடில வெச்சிகிறோம்."

"மடிக்காதீங்கப்பா! மடிப்புல நூல் உட்டுடும். அந்தக் குழாய்லயே சுருட்டி வைங்க. அம்மாகிட்ட சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியும்."

லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை, அப்பாவின் போனைக்கூட. நாங்கள் இருவரும் பயந்துபோய் இருக்கிறோம். உன் வேலையிடத்துக்குப் பேசினோம், வேலைக்கு வருகிறாள் என்றார்கள். அதை வைத்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறோம். ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உன் வாயால் அம்மா என்று கேட்டேன். அதை நான் விடப்போவதில்லை. அன்றைக்கே துணியை வெளியே எடுத்து, மடிப்புகளைக் கையால் நீவி, குழாயில் சுருட்டி, பழைய புடவையால் சுற்றிச் சுவரோரம் படுக்க வைத்துவிட்டேன்.

அதை மறுபடி மாட்டு என்று சொல்லமாட்டேன். வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நீ மட்டையைத் தொடவே வேண்டாம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தொட்டால் சந்தோஷப்படுவேன், அவ்வளவுதான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னை நீயே தள்ளி வைத்துக்கொள்வது எனக்குச் செய்யும் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் கண் போனதில் எனக்கு நஷ்டம் ஒன்று. நீ போனதில் இன்னொன்று. முதலாவதை யாராலும் திருப்ப முடியாது. இரண்டாவது உன் கையில் இருக்கிறது, அதை ஏன் எனக்குத் தரமாட்டேன் என்கிறாய்? நீ என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிரு. நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

பேச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், அழவும் வேண்டாம். வந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போனாலும் போ. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள், கண்ணு. இருட்டில் வந்து இறங்கும் வண்டியில் ஏறாதே. பகலில் வா. எனக்கு இப்போதெல்லாம் வெயிலில்தான் முகம் தெரிகிறது.

அம்மா